யார் சொல்ல வேண்டிய செய்தி?

“நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா.” பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை எந்தப் பள்ளியில் படித்தவருக்கும் இந்த உத்தரவு பழக்கமானதுதான். முடி வெட்டாமல் வந்தாலும், சண்டை போட்டாலும், மதிப்பெண் குறைந்தாலும் பரிகாரம் ஒன்றே. பையனின் நடையும் பேச்சும் ‘ஒரு மாதிரி’ இருப்பதாக ஆசிரியருக்குப் பட்டாலும் அதேதான். தன் பாலினம் பற்றி ஒரு பிள்ளை நம்பிக்கையோடு ஆசிரியரிடம் சொன்ன ரகசியமும் பல நேரம் இதே வழியில்தான் வீட்டுக்குப் போகிறது. போகும்போது அது அடையாளமாகப் போவதில்லை, ஒழுங்கீனம் என்ற புகாராகப் போகிறது. இந்த வழக்கத்தின் முதல் கோளாறு இதுதான்.

ஆனாலும் இதை ஆதரிப்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைக்குச் சோறு போடுவதும், காய்ச்சல் வந்தால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் உடன் இருப்பதும் குடும்பம்தான். பீடி சுற்றிப் படிக்கவைக்கும் தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றி ஊரே அறிந்ததைத் தான் மட்டும் அறியாமல் இருப்பது கொடுமை. சட்டமும் குடும்பத்தையே நம்புகிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் நீதிமன்ற உத்தரவின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு அடையாளச் சான்றிதழ் வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டியது பெற்றோரோ காப்பாளரோதான். பரிவுள்ள ஓர் ஆசிரியர் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அதனால் மனம் இளகிய வீடுகளும் இருக்கும். அதை மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அதே சட்டத்தை மேலும் படித்தால் கலக்கமாக இருக்கிறது. குடும்பத்தால் அந்தப் பிள்ளையைப் பராமரிக்க முடியாமல் போனால், நீதிமன்றம் அதை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. வீடு கைவிட்டால் அடுத்தது ஒரு நிறுவனம்தான். அப்படியிருக்க, அந்த வீட்டின் நிலவரம் தெரியாமல் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசிரியர், தன்னால் திருப்பி எடுக்க முடியாத ஒன்றைச் செய்கிறார். அடி விழலாம், படிப்பு நிற்கலாம், பேய் பிடித்திருக்கிறதென்று கோயில் கோயிலாக இழுத்துப் போகலாம். தன்னை ஆணாக உணரும் பெண்பிள்ளைக்கோ கல்யாணப் பேச்சே தொடங்கலாம். ஏ. ரேவதி தன் வரலாற்றை எழுதிய ‘வெள்ளை மொழி’யில் அடி வெளியாரிடமிருந்து மட்டும் வருவதில்லை, உடன்பிறந்தவர்களின் கையும் ஓங்குகிறது.

நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கு இதில் தனிப் பாடம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்திய பிளஸ் டூ மாணவர், பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினார்கள். அது சாதி வெறி, பாலின விவகாரம் அல்ல. ஆனால் ஒரு பிள்ளை பள்ளியிடம் ஒப்படைக்கும் செய்தி யார் காதுக்கு எப்போது போகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்று அந்த இரவு காட்டியது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் நடந்த ஆணவக் கொலைக்குப் பிறகும், ‘எப்படியிருந்தாலும் பெற்ற மனம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை. மானம் என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் சில எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் அறிவோம்.

இந்த அச்சம் என்ன செய்கிறது என்பதை அறியத் தமிழ்நாட்டின் பிளஸ் டூ தேர்வு முடிவுகளைப் பாருங்கள். 2023இல் தேர்வெழுதிய 8,03,385 பேரில் மூன்றாம் பாலினத்தவர் ஒருவர். 2024இல் 7,60,606 பேரில் அப்போதும் ஒருவர். மற்ற திருநர் பிள்ளைகள் இல்லாமல் போகவில்லை. சிலர் ஆண், பெண் என்ற பத்திகளில் மறைந்து எழுதுகிறார்கள், சிலர் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். சொன்னால் ஆபத்து என்று தெரிந்த பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது. பள்ளி தானாகவே வீட்டுக்குச் சொல்லும் வழக்கம் இந்த மௌனத்தை இன்னும் இறுக்கும்.

இந்தக் கேள்விக்கு வெளிநாடுகளிலும் ஒரே பதில் இல்லை. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம் 2023இல், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பள்ளியில் புதுப் பெயரில் அழைக்கப்படப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் போட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2024இல் நேர்மாறாக, மாணவர் சம்மதமின்றி வீட்டுக்குச் சொல்லும்படி ஆசிரியர்களைக் கட்டாயப்படுத்தும் விதிகளைத் தடுத்தது. நமக்கு இன்னும் பொருத்தமான வழியைச் சென்னை உயர் நீதிமன்றமே காட்டியிருக்கிறது. வீட்டு எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு அது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றிய புரிதலை உண்டாக்க வேண்டும் என்பது பள்ளிகளுக்கு அவர் தந்த வழிகாட்டுதல்களில் ஒன்று. யாரையும் பெயர் சொல்லிக் காட்டாமல், எல்லாப் பெற்றோரையும் முன்கூட்டியே தயார்ப்படுத்தும் வேலை இது. ஆசிரியர்களுக்கும் தயாரிப்பு தேவை. அதற்காக என்.சி.இ.ஆர்.டி. அதே ஆண்டு வெளியிட்ட கையேடோ, தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் ஆட்சேபத்தால் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த இழப்பு பெரிது.

ஆகவே, சொல்லும் நேரமும் விதமும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அது கேட்டுக்கொண்டால் ஆசிரியர் உடன் உட்கார்ந்து வீட்டாரிடம் பேசலாம். தற்கொலை எண்ணம் போன்ற உயிராபத்து இருந்தால் பெரியவர்களைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அப்போதும் பிள்ளையிடம் சொல்லிவிட்டே கூப்பிட வேண்டும், வீடே ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐத்தான் அழைக்க வேண்டும். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டுமென்று 2024இல் பரிந்துரைத்தது. அந்தப் பொறுப்புக்கு வருகிறவருக்கு இந்தப் பேச்சை நடத்தவும் பயிற்சி தர வேண்டும். கேட்டதைத் தலைமையாசிரியர் அறைக்குக்கூட எடுத்துப் போகாமல் காக்கும் உரிமையையும் எழுத்தில் தர வேண்டும்.