முல்லையும் வேம்பும் புற்றும்

அம்பத்தூர்ப் பக்கத்துத் திருமுல்லைவாயிலில் தொடங்கி, திருவேற்காடு வழியாக மாங்காடு வரை ஒரு வெள்ளிக்கிழமை போய்வந்தால் கொடி, மரம், புற்று, நெருப்பு நான்கையும் வணங்கிவிடலாம். இந்த வட்டாரத்தில் இயற்கை வழிபாடு மூன்று மரபுகளாக வாழ்கிறது. மூன்றுக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு.

முதலாவது தலமரங்களைப் போற்றும் சிவாலய மரபு. யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் மன்னன் வாளால் வெட்ட, புதருக்குள் இருந்த லிங்கத்திலிருந்து இரத்தம் பெருகியது என்கிறது திருமுல்லைவாயில் தலபுராணம். அந்தக் காயத்துக்காகவே அத்தலத்து இறைவன் மாசிலாமணீசுவரருக்குச் சந்தனக் காப்பு. கொடிமேல் விழுந்த வெட்டு இறைவன்மேலேயே விழுந்தது என்று சொல்லும் கதை இது. திருவேற்காட்டு வேதபுரீசுவரருக்கு வெள்வேல் தலமரம். இரண்டும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள்.

இரண்டாவது சாக்த மரபு. மாங்காட்டில் காமாட்சி ஐந்து நெருப்பின் நடுவே ஒற்றைக்காலில் தவம் செய்தாள். அந்த உக்கிரம் தணிய ஆதிசங்கரர் அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தை நிறுவினார் என்பது தலமரபு. அது மூலிகைகளால் ஆனது. ஆகவே அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். பொருளின் இயல்பு பார்த்தே பூசை அமைகிறது.

மூன்றாவது ஊர் அம்மன் மரபு. புற்றிலிருந்து எழுந்தவளாகப் போற்றப்படும் திருவேற்காடு கருமாரியம்மன் முதல் தெருமுனை மாரியம்மன் வரை இதில் அடக்கம். ஆடியில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியார் உள்ளே போவதில்லை. வீட்டில் தாளிப்பதும் இல்லை. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. ஆனாலும் நோயாளியைத் தனித்து வைத்துக் குளிர்ச்சியாகக் காக்கும் அந்த ஒழுக்கம் நிற்கிறது.

இயற்கை வழிபாடு வேறொரு நாட்டில் புதிதாகவும் எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1951-ல் சூனியத் தடைச் சட்டம் நீங்கியது. 1954-ல் ஜெரால்டு கார்ட்னரின் நூல் வந்த பிறகு விக்கா என்னும் புதிய சமயம் வெளியுலகுக்குத் தெரிந்தது. கார்ட்னர் வழி, அலெக்ஸ் சாண்டர்ஸ் வழி, அமெரிக்காவில் பெண்களுக்கென்றே எழுந்த டயானா வழி என அதிலும் பிரிவுகள் உண்டு. கதிரின் போக்கையும் பருவங்களையும் ஒட்டி ஆண்டுக்கு எட்டு விழாக்கள். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது பொது நெறி. தொழிற்புரட்சி கண்ட நாட்டில், மண்ணோடு அறுந்த உறவை மீண்டும் கட்ட எழுந்த முயற்சி அது. நமக்கு அந்த உறவு அறாமல் வந்திருக்கிறது. அதனால் நம் கடமையும் பெரிது.

எந்த மரபானாலும் உரைகல் ஒன்றுதான்: வணங்கும் உயிரை அது வாழ வைக்கிறதா? தலமரத்தின் வேரடிவரை தளக்கல் பதித்துவிட்டு அதற்கே மஞ்சள் கயிறு கட்டுவதும், திருவேற்காட்டைத் தொட்டு ஓடும் கூவத்தில் கழிவைக் கலந்துவிட்டு அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதும் வழிபாடு ஆகா. திருப்பணிக் குழுக்கள் கோபுர வண்ணத்துக்கு முன்னால் மரத்தடி மண்ணுக்கும் குளத்து நீர்வரத்துக்கும் செலவெழுத வேண்டும். முல்லைக்காக இறைவனே காயம் ஏற்ற மண்ணில் இதைக் கேட்பது மிகை அல்ல.