ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ் (கேட் புஷ் இசைத்தொகுப்பு)

ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ், ஆங்கிலப் பாடகியும் பாடலாசிரியருமான கேட் புஷ்ஷின் ஐந்தாவது இசைத்தொகுப்பு. 1985 செப்டம்பரில் ஈ.எம்.ஐ. நிறுவனம் வெளியிட்டது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மடோனாவின் இசைத்தொகுப்பை இறக்கிவிட்டு முதலிடம் பிடித்தது. இதில் 12 பாடல்கள் உள்ளன. இசைத்தட்டின் முதற்பக்கத்தில் தனித்தனியான 5 பாடல்கள். மறுபக்கத்தில் 'தி நைன்த் வேவ்' என்னும் பொதுத் தலைப்பின்கீழ் ஒரே கதையைத் தொடர்ந்து சொல்லும் 7 பாடல்கள்.

இன்றைய இளம் வாசகர்களில் பலருக்கு இவற்றில் ஒரு பாடல் மட்டுமே தெரிந்திருக்கும். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தில் இடம்பெற்ற 'ரன்னிங் அப் தட் ஹில்' அது. 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை சென்ற அப்பாடல் 2022இல், 37 ஆண்டுகள் கழித்து, முதலிடத்தை எட்டியது. பாடலுக்கு அது நற்பேறு. தொகுப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. வரிசையாகக் கேட்கவேண்டிய படைப்பிலிருந்து ஒரு துண்டு மட்டும் உலகம் சுற்றுகிறது. மறுபக்கம் கேட்கப்படாமல் கிடக்கிறது.

பின்புலம்

கேட் புஷ் 19 வயதில், 1978இல், 'வதரிங் ஹைட்ஸ்' பாடலால் புகழ்பெற்றவர். 1982இல் தாமே தயாரித்த 'தி ட்ரீமிங்' எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதன்பின் அவர் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களை விட்டு விலகி, குடும்பத்தின் பண்ணைவீட்டுக் களஞ்சியத்தில் சொந்தக் கூடம் அமைத்துக்கொண்டார். வெளிக்கூடத்தில் மணிக்கணக்கில் வாடகை ஏறும். சொந்தக் கூடத்தில் ஒரு பாடலை மாதக்கணக்கில் செதுக்கலாம். இத்தொகுப்பின் அடர்த்திக்கு அந்த அவகாசமே காரணம். ஒலிகளைப் பதிந்து விசைப்பலகையில் வாசிக்க உதவும் ஃபேர்லைட் கருவி அன்று விலையுயர்ந்த புதுமை. பலர் அதை வித்தை காட்டப் பயன்படுத்தினர். கேட் புஷ் அதில் மெட்டுகளையே உருவாக்கினார்.

முதற்பக்கம்

'ரன்னிங் அப் தட் ஹில்' பாடலுக்கு அவர் முதலில் வைத்த பெயர் கடவுளுடன் ஓர் ஒப்பந்தம் என்று பொருள்படுவது. தலைப்பில் கடவுள் இருந்தால் சில நாடுகளின் வானொலிகள் ஒலிபரப்ப மறுக்கும் என்று நிறுவனம் அஞ்சியதால் பெயர் மாறியது. ஆணும் பெண்ணும் ஒருவர் இடத்தில் மற்றவர் இருந்து பார்த்தால் புரிந்துகொள்ள முடியுமா என்பதே பாடலின் கேள்வி. முரசின் ஓட்டம் கடைசிவரை நிற்பதில்லை. சொல்வது வேண்டுதல், தாளமோ ஓட்டம். பாடலின் வலிமை இந்த இணைப்பில் இருக்கிறது.

'கிளவுட்பஸ்டிங்' வேறு வகை. உளவியலாளர் வில்ஹெல்ம் ரைக்கின் மகன் பீட்டர் எழுதிய நினைவுநூலிலிருந்து பிறந்தது. மழை வரவழைக்கும் இயந்திரம் செய்த தந்தையை அதிகாரிகள் கொண்டுசெல்வதை ஒரு சிறுவனின் மனத்திலிருந்து சொல்கிறது. தந்தி வாத்தியங்கள் ஒரே சீராக நடைபோட, இழப்பின் பாடல் ஏறக்குறைய அணிவகுப்புப் பாடலாகிவிடுகிறது. முதற்பக்கத்தில் சற்று மெலிந்தது 'தி பிக் ஸ்கை' என்பேன். உற்சாகம் நிறைய, போய்ச்சேரும் இடம் இல்லை.

மறுபக்கம்

இரவுக் கடலில் ஒரு பெண் தனியே மிதக்கிறாள். உயிர்காப்பு உடையில் ஒரு சிறு விளக்கு. உறங்கினால் மூழ்கிவிடுவாள். கதை இவ்வளவே. எப்படிக் கடலில் விழுந்தாள், யார் அவள் என்பதை கேட் புஷ் பாடல்களில் விளக்குவதில்லை.

முதற்பாடலில் பியானோவும் தூக்கமும். 'அண்டர் ஐஸ்' பாடலில் தந்திகள் வெட்டி வெட்டி ஒலிக்க, பனிக்கட்டிக்கு அடியில் இருப்பது தானே என்று அவள் உணர்கிறாள். அடுத்து அவளை எழுப்ப முயலும் குரல்கள். குடும்பத்தாரும் நண்பர்களும் பேசியவை. அவை சட்டென்று சூனியக்காரி விசாரணையாக மாறுகின்றன. பாடகியின் குரலே துண்டு துண்டாகிறது. இங்கே ஒலி உத்திகள் சற்று மிகுந்துவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொடர்ந்து வரும் 'வாட்சிங் யூ வித்தவுட் மீ' அதைச் சரிசெய்துவிடுகிறது. அவள் ஆவிபோல வீட்டுக்கு வருகிறாள். காத்திருப்பவருக்கு அவள் தெரிவதில்லை, அவள் பேச்சு கேட்பதில்லை. நமக்கும் அவள் சொற்கள் சிதைந்தே கேட்கின்றன. தொகுப்பிலேயே மிக அடங்கிய பாடல் இது. மிகவும் அச்சம் தருவதும் இதுவே.

'ஜிக் ஆஃப் லைஃப்' பாடலில் அயர்லாந்து நாட்டுப்புற இசை பாய்ந்து வருகிறது. எதிர்கால முதிய வடிவில் வந்து, நீ பிழைத்தால்தான் நான் இருப்பேன் என்று அவளிடம் அவளே வாதாடுகிறாள். 'ஹலோ எர்த்' பாடலில் மேலிருந்து பூமியைப் பார்க்கும்போது இசை இருமுறை நின்று, ஆண்களின் சேர்ந்திசை எழுகிறது. அது ஒரு ஜார்ஜிய நாட்டுப்புறப் பாடல். வெர்னர் ஹெர்சாக்கின் 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் கேட்டு எடுத்தது. கேட் புஷ் தம் சொற்களால் சொல்ல இயலாத இடத்தில் வேறு மொழியை வைத்தார். பொருள் தெரியாமல் கேட்கும்போதும் அந்த இடம் நடுங்க வைக்கிறது.

கடைசிப் பாடலான 'தி மார்னிங் ஃபாக்' விடியலில் முடிகிறது. அவள் மீட்கப்படுகிறாள் என்பதே கேட் புஷ்ஷின் விளக்கம். சில கேட்பாளர்கள் அதைச் சாவாகவே கொள்கின்றனர். கித்தார் அவ்வளவு இலகுவாக, தரையில் கால்வைத்ததுபோல் ஒலிப்பதால் எனக்கு மீட்பாகவே படுகிறது. ஆனால் இதை 'ஹலோ எர்த்' முடிந்த கையோடு கேட்கவேண்டும். தனியாகக் கேட்டால் இனிமையான இரண்டரை நிமிடப் பாட்டு, அவ்வளவுதான்.

2014இல் லண்டனில் 22 இரவுகள் நடத்திய மேடைநிகழ்ச்சியில் கேட் புஷ் 'தி நைன்த் வேவ்' முழுவதையும் வரிசை மாறாமல் நாடகமாக நிகழ்த்தினார். இசைத்தட்டின் மறுபக்கம் சுமார் 26 நிமிடங்கள்.