ஒரே பாட்டில் பணக்காரர்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி விழா. பேசி முடித்துப் பொன்னாடையும் வாங்கியாகிவிட்டது. சென்னைக்கு ரயிலில் இடமில்லை. "திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழ நின்னீங்கன்னா நிமிஷத்துக்கு ஒரு பஸ் சார். நானே கார்ல கொண்டு விட்டுடறேன்" என்றார் ஓர் இளைஞர். விழுப்புரத்திலேயே சென்னை பஸ் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. எனக்குக் கால் நீட்டி உட்கார இடம் வேண்டியிருந்தது. கிளம்பினோம்.

சொந்த ஊர் திண்டிவனம். பி.இ. படித்தவர், வயது இருபத்தாறு. விழுப்புரத்தில் ஒரு மாடி அறையில் ஸ்டார்ட்அப் நடத்துகிறார். முன்பெல்லாம் இந்தச் சொல்லைக் கேட்க பெங்களூருக்குப் போக வேண்டும். இப்போது விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில், 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை என்ன பண்றார் என்று கேட்டால் "ஸ்டார்ட்அப்" என்று சொல்கிறார்கள். பெண் வீட்டார் மட்டும் இன்னும் முகம் சுளிக்கிறார்கள்.

இவருடைய தொழில் மல்லாட்டை. மற்ற ஜில்லாக்காரர்களுக்கு வேர்க்கடலை, நிலக்கடலை. தென்னாற்காட்டில் மல்லாட்டை, இல்லாவிட்டால் மணிலா. திண்டிவனத்துக்கும் கடலைக்கும் பழைய சொந்தம் உண்டு. அங்கே இருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர் வைப்பார்கள். திண்டிவனத்தின் சுருக்கம்தான் அது. டி.எம்.வி. 7 விதைத்த பல விவசாயிகளுக்கு அந்த மூன்று எழுத்து ஓர் ஊர் என்று தெரியாது.

விவசாயியையும் வியாபாரியையும் செல்போனில் நேராகச் சேர்த்து வைப்பதாகத் திட்டம். ஒன்றரை வருஷமாயிற்று. கூட்டாளி ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவின் எட்டு பவுன் அடகில் இருக்கிறது. தை மாதம் கெடு.

"சூரரைப் போற்று பதினோரு தடவை பாத்துட்டேன் சார். மாறாவுக்கு முதல்லேர்ந்தே தெளிவா தெரிஞ்சிருக்கு, நமக்கு என்ன வேணும்னு. எனக்கு அந்த கிளாரிட்டி வரவே மாட்டேங்குது. ஒரு மாசம் இது ஆப்புங்கறேன். அடுத்த மாசம் ஏலம்ங்கறேன். அப்புறம் செக்கு எண்ணெய் விக்கலாமான்னு தோணுது. நான் இதுக்கு லாயக்கில்லையோ?"

விக்கிரவாண்டி தாண்டும் வரை எனக்குப் பதில் தோன்றவில்லை. பிறகு தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரிடம் குறை இருக்கலாம். ஆனால் பதினோரு தடவை பார்த்த படத்தில் பெரிய குறை இருக்கிறது.

*

தமிழ் சினிமாவில் தொழில் தொடங்கி முன்னேறுவது எப்படி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் அவமானம். அப்புறம் சவால். அப்புறம் ஒரு பாட்டு. 'அண்ணாமலை'யில் (1992) பால்காரர் ரஜினி ஒரே பாட்டில் ஓட்டல் அதிபர் ஆனார். 'சூர்யவம்ச'த்தில் (1997) சரத்குமார் ஒரே பாட்டில் பஸ் முதலாளி ஆனார். அதே பாட்டிலேயே தேவயானி கலெக்டராகவும் ஆகிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேருக்கு வேலை கொடுத்த அந்தப் பாட்டை இன்றைக்கும் கேலி செய்கிறோம். கேலி செய்துகொண்டே டி.வி.யில் போட்டால் உட்கார்ந்து பார்க்கவும் செய்கிறோம்.

என் புகார் வேகத்தைப் பற்றி இல்லை. இரண்டரை மணி நேரப் படத்தில் இருபது வருஷத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் எதைச் சுருக்குகிறார்கள் என்று பாருங்கள். அவமானம் நிதானமாக வரும். சவாலுக்கு ஒரு பக்க வசனம் உண்டு. நடுவில், முதல் பஸ் வாங்கியதற்கும் பத்தாவது பஸ் வாங்கியதற்கும் இடையில், எந்த ரூட்டில் கூட்டமே ஏறவில்லை, எந்த மாதம் தவணை கட்ட முடியவில்லை, எந்த ராத்திரி "பேசாமல் வித்துத் தொலைச்சிடலாமா" என்று நினைத்தார், இதெல்லாம் பாட்டுக்குள் போய்விடும். ஒரு தொழிலில் தொழில் என்று இருப்பதே அந்த நடுப்பகுதிதான்.

'சூரரைப் போற்று' (2020) இந்த வரிசையில் வராத, நல்ல படம். சுதா கொங்கராவின் உழைப்பு தெரிகிறது. ஐந்து தேசிய விருதுகளுக்கும் தகுதியானது. சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க டிக்கெட் பணம் போதாமல் சூர்யா விமான நிலையத்தில் கையேந்தும் காட்சியில் நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அபர்ணா பாலமுரளியின் பொம்மி, கணவனின் கனவுக்கு ஆரத்தி எடுக்காமல் தன் பேக்கரியைக் கவனிக்கிறாள். எனக்கென்னவோ படத்தில் நிஜமான தொழிலதிபர் அவள்தான் என்று தோன்றியது.

ஆனால் மாறாவைப் பாருங்கள். அவருக்கு வேண்டியது விமானக் கம்பெனி. அதில் அவருக்குச் சந்தேகமே வருவதில்லை. சந்தேகப்படுவதெல்லாம் மற்றவர்கள்: அதிகாரிகள், பணம் போடுகிறவர்கள், பரேஷ் ராவல். தடைகள் அத்தனையும் வெளியிலிருந்து வருகின்றன. ஹீரோவின் மனசுக்குள் ஒரு குழப்பமும் கிடையாது. நம் இளைஞருக்கோ வில்லன் யாரும் இல்லை. அவரை யாரும் தடுக்கவே இல்லை. குழப்பம்தான் இருக்கிறது. பதினோரு தடவை பார்த்தும் அந்தப் படத்தில் தன்னைப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இத்தனைக்கும் படத்துக்கு ஆதாரம் கேப்டன் கோபிநாத்தின் சுயசரிதையான 'சிம்ப்ளி ஃப்ளை'. கர்நாடகாவில் ஹாசன் மாவட்டத்து கொரூர்க்காரர். விமானப்படைக்காரர் அல்ல, தரைப்படை அதிகாரி. ராணுவத்தை விட்டு வந்தவர் நேரே வானத்தைப் பார்க்கவில்லை. விவசாயம் செய்தார். மாடு வளர்த்தார், கோழி வளர்த்தார். பட்டுப்பூச்சி வளர்த்தார், அதற்காக 1996-ல் ரோலக்ஸ் விருதுகூட வாங்கினார். மோட்டார் சைக்கிள் டீலர்ஷிப் எடுத்தார். இட்லி ஓட்டல் வைத்தார். பங்குத் தரகு பார்த்தார். 1997-ல்தான் வாடகை ஹெலிகாப்டர். ஏர் டெக்கான் பறந்தது 2003-ல். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

இந்த மாடு, கோழி, இட்லி வருஷங்களைப் படம் தூக்கிவிட்டது. கதைக்கு அது சௌகரியம். ஆனால் கோபிநாத்தை கோபிநாத் ஆக்கியது அந்த வருஷங்கள்தான். கிராமத்து ஆள் எதற்கு எவ்வளவு காசு கொடுப்பான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஏர்போர்ட்டா, இட்லிக் கடையா? கடையும் காடும்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

முடிவும் அப்படித்தான். படம் வெற்றியோடு நிற்கிறது. 2007-ல் யு.பி. குழுமம் ஏர் டெக்கானின் பங்குகளை வாங்கியது. அடுத்த ஆண்டே அது கிங்ஃபிஷரோடு கலந்தது. 2012-ல் கிங்ஃபிஷரே தரையிறங்கிவிட்டது. இதைக் காட்டியிருந்தால் தியாகம் வீண் என்று ஆகியிருக்காது. விமானத்தில் ஏறுகிற கூட்டம் மாறியது மாறியதுதான். கம்பெனி போகும், செய்த காரியம் நிற்கும் என்று இன்னும் பெரிய கதை கிடைத்திருக்கும்.

*

காரில் டேஷ்போர்டு மேல் 'ஸ்டார்ட் வித் ஒய்' என்ற புத்தகம் கிடந்தது. சைமன் சினெக் 2009-ல் எழுதியது. முதலில் ஏன் என்று கேள், தெளிவு வரும், ஜனங்கள் பின்னால் வருவார்கள் என்பது சாரம். ஆப்பிள் கம்பெனி, ரைட் சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் எல்லோரும் வருகிறார்கள். எல்லோரும் ஜெயித்தவர்கள். ஜெயித்த பிறகு திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் நேர்கோடாகத்தான் தெரியும். எழுதுகிற எனக்கும் அப்படித்தான். கதை எங்கே போகிறது என்று தெரியாமல் பத்துப் பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு, பிறகு பேட்டியில் "இதைத்தான் சொல்ல நினைத்தேன்" என்கிறேன்.

"என்னோட 'ஒய்' என்னன்னே தெரியல சார்" என்றார் இளைஞர்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், பக்கத்து ஊரையே பார்ப்போம். 1993 வரை விழுப்புரம், திண்டிவனம், கடலூர் எல்லாம் ஒரே தென்னாற்காடு மாவட்டம். கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன். அவர் அப்பா சின்னி கிருஷ்ணன், பெரிய டப்பாவிலும் பாட்டிலிலும் விற்பதைச் சின்னப் பாக்கெட்டில் போட்டால் கூலிக்காரரும் வாங்குவாரே என்று யோசித்தவர். அப்பா காலத்துக்குப் பிறகு சகோதரர்கள் வெல்வெட் ஷாம்பு நடத்தினார்கள். அவர்களோடு ஒத்துப்போகாமல் ரங்கநாதன் 1983-ல் 15 ஆயிரம் ரூபாயோடு வெளியே வந்தார்.

வந்தவருக்குத் தெளிவு இருந்ததா? இல்லை. அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தெரிந்தது இரண்டே விஷயம்: ஷாம்பு தயாரிப்பது, மீன், புறா என்று பிராணிகள் வளர்ப்பது. ஷாம்பு என்றால் சொந்த சகோதரர்களோடு மோத வேண்டும். வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தார். வேறெதுவும் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்பதால் திரும்ப அதற்கே வந்தார். 'கேவின்கேர்' என்ற பெயர் வந்தது 1998-ல். அதன் ஆரம்பத்தில் பெரிய 'ஒய்' எதையும் காணோம். இதுதான் தெரியும், இதையே செய்வோம். அவ்வளவுதான்.

தெளிவு அப்புறம்தான் வந்தது, அதுவும் குப்பையிலிருந்து. எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்று அறிவித்தார். ஜனங்கள் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். போட்டுப் பார்த்தார்கள், பிடித்தது, கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றிவிட்டார். யார் என்ன வாங்குகிறார்கள், எவ்வளவு சின்னதாக வாங்குகிறார்கள் என்பது முழுக்க அந்தக் காலிப் பாக்கெட்டில் இருந்தது. இதைப் படமாக எடுத்தால் பாட்டு எடுபடாது. ஹீரோ காலி உறைகளை எண்ணிக்கொண்டிருப்பதை யார் பார்ப்பது?

*

இளைஞரிடம் கேட்டேன்: "தம்பி, உங்க ஆப்புக்கு யார் போன் பண்றாங்க?"

"விவசாயிங்க நிறைய பண்றாங்க சார். ஆனா எல்லாம் வெட்டி கால். விக்கறதுக்கோ வெலை கேக்கறதுக்கோ இல்ல. இன்னிக்கு விற்பனைக் கூடத்துக்கு எத்தனை மூட்டை வந்திருக்கு, இப்ப வண்டி கட்டினா இன்னிக்கே எடை போடுவாங்களா, ராத்திரி தங்கணுமா, இதேதான். நானும் ஒரு ஆளை அனுப்பிப் பாத்துட்டு வந்து சொல்வேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை கால்?"

"சீசன்ல நாப்பது, அம்பது வரும். அதுக்கு பதில் சொல்லியே என் வேலை கெடுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. காரில் கொஞ்ச நேரம் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. அறுவடை நேரத்தில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் காத்திருப்பவருக்கு வண்டி வாடகை, ஆள் கூலி, மழை பயம். விலையைப் போலவே அந்த ஒரு தகவலும் அவருக்குப் பணம்தான். நம்மாள் அதை ஒன்றரை வருஷமாக வெட்டி கால் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். காலிப் பாக்கெட் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கிறது. அவர் கிளாரிட்டியைத் தேடி படம் பார்க்கிறார்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நானும் ஜெயித்தவர் கதையைத்தான் சொன்னேன். 1983-ல் வீட்டை விட்டு வந்து, காசைத் தொலைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. குழப்பத்தில் இருக்கிறவரெல்லாம் நாளைய கோபிநாத் என்று சொல்ல வரவில்லை. குழப்பம் தகுதிக் குறைவு அல்ல என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கெடு வேண்டும். ரங்கநாதன் இறக்கியது தன்னுடைய 15 ஆயிரம். அம்மாவின் எட்டு பவுன் வேறு கணக்கு. மாறா மாதிரி எல்லாவற்றையும் பணயம் வைப்பது திரையில் வீரம். வீட்டில் அதற்குப் பெயர் வேறு.

இதைத்தான் இறங்கும்போது சொன்னேன். "நகையை முதல்ல மீட்டுடுங்க. அதுக்கு ஒரு வேலைக்குப் போக வேண்டியிருந்தா போங்க. போன் நம்பரை மட்டும் மாத்தாதீங்க."

மேம்பாலத்தின் கீழ் வழக்கமான கூச்சல். கண்டக்டர்கள் தாம்பரம், கோயம்பேடு, கிளாம்பாக்கம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் இன்னும் கிளம்பவில்லை. காரில் சாய்ந்தபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "மூட்டை எவ்வளவுண்ணே? வண்டி கட்டிட்டீங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

தை மாதம் வரட்டும். அவர் பணக்காரராகிவிட்டார் என்று இந்தப் பத்தியில் முடிக்க எனக்கும் ஆசைதான். பஸ்ஸில் பாட்டுகூட போட்டிருந்தார்கள்.