துணை நின்ற நரம்பு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், மாதவியின் ஆடலைக் காணுமுன் ஒரு நீண்ட வாயிலைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்னும் அறுவரின் அமைதியும் அங்கே தனித்தனியே கூறப்படுகின்றன. மாணவர் பலர் இப்பகுதியைக் கடினமென்று தள்ளிவிடுவர். தேர்வில் வினா வாராதெனின் ஆசிரியரும் விரைந்து கடந்துவிடுவதுண்டு. ஆயினும் இளங்கோவடிகளின் உள்ளம் புலப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆடுபவள் ஒருத்தி, அவளைத் தாங்கி நிற்பவர் அறுவர். தாங்குபவரின் தகுதியைச் சொல்லி முடித்த பின்னரே அடிகள் ஆடுபவளை அரங்கில் ஏற்றுகிறார்.

அவ்வறுவருள் தண்ணுமையோனுக்கு அவர் வகுத்த இலக்கணம் தனிச் சிறப்புடையது. பிற கருவிகளின் இசை குறையுமிடத்து அவன் நிரப்ப வேண்டும். மிகுமிடத்து அடக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யுங்கால் தன் செயல் மிகையாய்த் தோன்றாதவாறு காத்துக்கொள்ளவும் வேண்டும். பக்கவாத்தியக் கலை முழுமையும் இம்மூன்றனுள் அடங்கிவிடுகிறது எனலாம்.

இந்த அளவுகோல் தமிழிசைக்கு மட்டும் உரியதா? பிறநாட்டு இசையையும் இதனால் அளந்து பார்க்க இயலுமா? இவ்வினா எழுவதற்குத் தொலைவு போக வேண்டுவதில்லை. ஜோகூர் நீரிணையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீட்டின் வானொலியைத் திருப்பினால், மலேசியாவின் மின்னல் பண்பலையும் கேட்கும். நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூரின் ஒலி 96.8 நிலையமும் கேட்கும். பாட்டின் பெயரோடு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களும் சொல்லப்படுவதுண்டு. ஆனால், இரண்டு சரணங்களுக்கிடையே நெஞ்சை அள்ளிச் சென்ற கித்தாரை மீட்டியவர் யார் என்று கேட்டால், விடை கிடைப்பது அரிது. கைகள் கேட்கின்றன, முகம் தெரிவதில்லை.

அத்தகைய கைகளுள் உலகெங்கும் கேட்கப்பட்டவை அமெரிக்கக் கித்தார்க் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டனுடையவை. அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட அவர் ஒலிப்பதிவுகள், அடிகளின் அளவுகோலை வைத்துப் பார்க்கத் தக்க நல்ல சான்றுகள்.

இரைச்சலில் பிறந்த இசை

பர்ட்டன் 1939ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தின் டபர்லி என்னும் சிற்றூரில் பிறந்து, சிரீவ்போர்ட் நகரில் வளர்ந்தவர். பதினான்காம் அகவையிலேயே அந்நகரின் ‘லூசியானா ஹேரைடு’ என்னும் வானொலி இசைநிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் இடம் பெற்றார். இன்று ஒரு பாடகருக்கு, நாளை வேறொருவருக்கு என்று வாசிக்கும் பணி அது. பாடுபவரின் குரலையும் மூச்சையும் உடனுக்குடன் அறிந்து பின்செல்லும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது.

அவர் கைவந்த இசை ‘கண்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற வழி இசை. அதனுள் ‘ஹாங்கி டாங்க்’ என்பது ஒரு கிளை. அது சாலையோரக் குடிமனைகளிலும் ஆடற்கூடங்களிலும் வளர்ந்தது. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு மேல் கேட்க வேண்டியிருந்தமையால், அங்கே மின்கித்தாரும் ஸ்டீல் கித்தாரும் முதன்மை பெற்றன. பிரிவும் மதுவும் உழைப்பின் களைப்பும் அதன் பொருள்கள். 1960களின் பிற்பகுதியில் இளைஞர் சிலர் இவ்விசையை ராக் இசையோடு இணைத்தனர். அவ்விணைப்பே ‘கண்ட்ரி ராக்’ எனப் பெயர் பெற்றது. பர்ட்டன் இரண்டிலும் வாசித்தார். முன்னதன் ஒழுங்கைப் பின்னதற்குக் கொண்டு சேர்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

மெல்லிய தந்தி

அவர் கருவி பெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர். குடைவில்லாத பலகையால் ஆன, ஒப்பனை குறைந்த மின்கித்தார் அது. அதன் ஒலி கூர்மையானது, பிழையை மறைக்காதது. 1950களில் கித்தாருக்குக் கிடைத்த தந்திகள் தடித்தவை. விரலால் தள்ளினால் எளிதில் வளையாதவை. பர்ட்டன் மேல்தந்திகளை நீக்கிவிட்டு, பாஞ்சோ என்னும் கருவியின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். அதனால் ஒரு சுரத்தை மீட்டி, தந்தியை ஓரமாகத் தள்ளி, அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லுதல் எளிதாயிற்று.

வீணை கேட்டுப் பழகிய தமிழ்ச் செவி இதனைக் கமகம் என்று சொல்ல விரையும். தந்தியை மெட்டின் மேல் இழுத்துச் சுரத்தை உயர்த்தும் செயல் இரண்டுக்கும் பொதுவே. எனினும் இரண்டையும் ஒன்றென்பது மிகை. கமகத்தில் அசைவே சுரத்தின் உயிர். இராகத்தின் வடிவம் அவ்வசைவிலே விளங்கும். பர்ட்டனின் வளைவோ ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்றோரிடத்தில் சென்று நிற்பது. ஸ்டீல் கித்தாரின் நெகிழ்ச்சியை விரலால் எட்டிப் பிடிக்கும் முயற்சி அது.

வலக்கையின் முறையும் நோக்கத்தக்கது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மீட்டும் வில்லையைப் பிடித்து, நடுவிரலில் உலோக நகம் ஒன்றை அணிந்து அவர் வாசித்தார். மீட்டிய தந்தியை உடனே அடக்கிவிடுவதால் ஒலி நீளாமல் ‘டொக்’ என்று தெறிக்கும். கோழி கொத்துவதுபோன்ற ஓசை என்று அந்நாட்டார் இதற்குப் பெயரிட்டனர். கித்தாருக்கு யாழோன் இலக்கணத்தையன்றோ பொருத்த வேண்டும், தண்ணுமையோன் இலக்கணம் எவ்வாறு பொருந்தும் என்று ஐயுறுவோர்க்கு இதுவே விடை. பர்ட்டனின் கையில் நரம்புக்கருவி பாதி தாளக்கருவியாகவும் நிற்கிறது. பாட்டின் நடையைத் தாங்கும் கடமையும் அதனைச் சேர்கிறது.

நிரப்பலும் அடக்கலும்

1957இல் டேல் ஹாக்கின்ஸ் பாடிய ‘சூசி கியூ’ பர்ட்டனின் தொடக்ககால ஒலிப்பதிவுகளுள் புகழ்பெற்றது. அப்போது அவருக்கு அகவை பதினெட்டும் நிரம்பவில்லை. பாட்டின் தொடக்கத்தில் எழுந்து, மீண்டும் மீண்டும் வரும் கித்தார்ச் சொற்கட்டே அப்பாட்டின் முதுகெலும்பு. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது மிகச் சிறிது. ஆனால் அப்பாட்டை இயற்றியோர் வரிசையில் பர்ட்டனின் பெயர் இல்லை. பாட்டைத் தாங்கியவன் பாட்டுக்கு உரியவன் ஆகான் என்னும் வழக்கம் தமிழுலகுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

பின்னர் ரிக்கி நெல்சன் என்னும் இளம் பாடகரோடு பல ஆண்டுகள் அவர் வாசித்தார். நெல்சனின் குரல் இனியது. ஆயினும் வன்மை குறைந்தது. 1961இல் வெளியான ‘ஹலோ மேரி லூ’ பாட்டில் பர்ட்டனின் இடையிசை சில நொடிகளே நீடிக்கிறது. அதற்குள் ஒரு தொடக்கம், ஓர் ஏற்றம், ஒரு முடிவு மூன்றும் அமைந்துள்ளன. குரலில் இல்லாத துள்ளலைக் கித்தார் கொணர்ந்து வைக்கிறது, வைத்தவுடன் விலகிக்கொள்கிறது. நிரப்புதல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டுவதில்லை.

அடக்கலுக்குச் சான்று வேறிடத்தில் உண்டு. மெர்ல் ஹாகர்டு ஹாங்கி டாங்க் மரபில் வந்த பெரும் பாடகர். சிறை வாழ்வையும் உழைப்பாளர் துயரையும் தம் வாழ்விலிருந்தே பாடியவர். 1960களின் பிற்பகுதியில் வந்த அவருடைய ஒலிப்பதிவுகள் பலவற்றில், அவர் குழுவின் ராய் நிக்கல்சோடு பர்ட்டனும் கித்தார் வாசித்தார். ஹாகர்டின் குரலுக்கு நிரப்ப வேண்டிய குறை ஏதுமில்லை. ஆகவே கித்தார் அங்கே அடி முடியுமிடத்தில் ஓரிரு சுரங்களோடு நின்றுவிடுகிறது. வல்ல பாடகருக்கு முன்னே தன் வன்மையைக் காட்ட முனையாமையே அங்குள்ள கலை.

1969இல் லாஸ் வேகாசு நகரில் எல்விஸ் பிரெஸ்லி மீண்டும் மேடையேறியபோது, அவருக்கெனக் குழுவை அமைத்து முன்னின்றவர் பர்ட்டனே. 1977இல் எல்விஸ் மறையும் வரை அத்தொடர்பு நீடித்தது. பெரிய வாத்தியக் குழுவும் பின்பாட்டுக்காரரும் நிறைந்த அம்மேடையில் கித்தாரின் குரல் சில இடங்களில் அமுங்கிப்போவதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அம்மேடை ஒலிப்பதிவுகளில் ஒரு செய்தி கேட்கிறது. இடையிசை வரும்போது எல்விஸ் பர்ட்டனின் பெயரைச் சொல்லி வாசிக்க அழைக்கிறார். பாடகன் தன் வாயாலேயே துணைவனின் பெயரைச் சொல்லிய அச்சிறு செயல், இசைத்தட்டு முகப்புகள் பல செய்யத் தவறியதைச் செய்துவிட்டது.

இரு குரல்களுக்கு நடுவே

பர்ட்டனின் பணிகளுள் தலைசிறந்தவை கிராம் பார்சன்சு என்பாரின் இரு தொகுப்புகளிலே உள்ளன எனலாம். 1973இல் ‘ஜி.பி.’, 1974இல் ‘கிரீவஸ் ஏஞ்சல்’ என அவை வெளிவந்தன. இரண்டாவது வெளிவருமுன்னரே, 1973 செப்டம்பரில், பார்சன்சு தம் 26ஆம் அகவையில் மறைந்துவிட்டார். கண்ட்ரி ராக் இசையின் உயர்ந்த ஆக்கங்களாக இவை போற்றப்படுகின்றன.

பார்சன்சின் குரல் நடுங்கும் குரல்; சுருதியினின்று சற்றே விலகி மீளும் குரல். அதனருகே எம்மிலூ ஹாரிசின் தெளிந்த குரல் செல்கிறது. உடன் ஸ்டீல் கித்தாரும் பிடிலும் பியானோவும் உள. இத்தனைக்கும் நடுவே மற்றொரு கித்தாருக்கு இடமேது என்று தோன்றும். ‘கிரீவஸ் ஏஞ்சல்’ தொகுப்பின் முதற்பாட்டைக் கேட்பவர் அவ்விடத்தைப் பர்ட்டன் எவ்வாறு கண்டார் என்பதை அறிவர். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளிலே அவர் நுழைகிறார். பாடகர் சொல்லி முடித்ததை வழிமொழிவதுபோல் சில இடங்களிலும், மறுத்துரைப்பதுபோல் சில இடங்களிலும் கித்தார் பேசுகிறது. அதே தொகுப்பின் ‘ஊ லாஸ் வேகாசு’ பாட்டிலோ விரைந்த சுரக்கோவைகள் பொழிகின்றன. பாட்டின் பொருள் சூதாட்ட நகரின் மயக்கம் ஆதலின், விரைவு அங்கே மிகையன்று, பொருளோடு இயைந்ததே. ஒரே கலைஞர், ஒரே தொகுப்பில், எங்கே அடங்குவது, எங்கே பொங்குவது என்பதைப் பாட்டின் பொருளை நோக்கியே தீர்மானிக்கிறார்.

இனி, அவர் தனித்து நின்ற ஒலிப்பதிவு ஒன்றும் உண்டு. 1971இல் ‘த கிட்டார் சவுண்ட்சு ஆப் ஜேம்ஸ் பர்ட்டன்’ என்னும் தொகுப்பு அவர் பெயரிலேயே வெளிவந்தது. கைத்திறனில் அதற்குக் குறைவில்லை. ஆனால் பிறர் பாட்டில் சில நொடிகளில் அவர் தரும் நிறைவு இத்தொகுப்பு முழுவதிலும் கிட்டுவதில்லை. விடை கூறுவதில் வல்லவருக்கு இங்கே வினா எழுப்புவார் இல்லை. இதனைக் கலைஞரின் குறையென்று கொள்ளற்க. துணைநிற்றல் என்பது தனிக்கச்சேரிக்கு ஏறும் படிக்கட்டன்று, தனக்கென இலக்கணமுடைய தனிக்கலை என்பதை இத்தொகுப்பு எதிர்மறையாக மெய்ப்பிக்கிறது.

2001இல் அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் புகழ்மண்டபத்தில் பர்ட்டனின் பெயர் சேர்க்கப்பட்டது. துணைவாத்தியக் கலைஞர்க்கென அந்நிறுவனம் ஏற்படுத்தியிருந்த தனிப்பிரிவிலேயே அவ்விடம் தரப்பட்டது. காலந்தாழ்ந்து வந்த சிறப்பாயினும், உரிய பெயரோடு வந்தது.

தமிழர்க்கு எஞ்சும் கடன்

தமிழ்த் திரையிசையிலும் கித்தார் நெடுங்காலமாக ஒலித்துவருகிறது. 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக இசையமைப்பாளராக அறிமுகமான இளையராஜாவே, அதற்கு முன் பிறருடைய பாட்டுகளுக்குக் கித்தார் வாசித்தவர்தாம். பின்னாளில் அவர் பெரும்புகழ் பெற்றமையால் அச்செய்தி நமக்குத் தெரிகிறது. அவ்வாறு புகழ் பெறாதவர் வாசித்தவை பெயரின்றியே நிற்கின்றன. இசைத்தட்டின் முகப்பில் வாத்தியக் கலைஞர் பெயரை அச்சிடுவது பெரும்பாலும் வழக்கமில்லை. 1990களில் ஏ. ஆர். ரகுமான் தம் தொகுப்புகளின் அட்டைகளில் அவர்கள் பெயர்களை வெளியிடத் தொடங்கியது நல்ல மாற்றம். எனினும், பழம்பாட்டுகளைப் பற்றி எழுதும் திறனாய்வாளர் பலர் பாடகரோடும் கவிஞரோடும் இசையமைப்பாளரோடும் நின்றுவிடுகின்றனர்.

இது புதிய குறையென்று கருதுவதற்கில்லை. அரங்கேற்று காதையிலும் தண்ணுமையோனுக்குப் பெயரில்லை, யாழோனுக்கும் பெயரில்லை. ஆயினும் அடிகள் அவர்தம் கலையின் நுட்பத்தை நுணுகிக் கூறினார். யாழ் குழலின் வழி நின்றது, தண்ணுமை யாழின் வழி நின்றது, முழவு தண்ணுமையின் பின் நின்றது என்று ஒவ்வொன்றையும் செவிகொடுத்துக் கேட்டு எழுதினார். நாம் பெயரையும் விட்டோம், நுட்பத்தையும் விட்டோம்.

வகுப்பறையில் அரங்கேற்று காதையை நடத்தும் ஆசிரியர், மாணவர் அறிந்த பாட்டு ஒன்றை ஒலிக்கச் செய்து, இங்கே நிரப்பியது எக்கருவி, இங்கே அடங்கியது எக்கருவி என்று கேட்கலாம். அது பர்ட்டனின் கித்தாராகவும் இருக்கலாம். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மாணவர் வீட்டில் நாள்தோறும் கேட்கும் திரைப்பாட்டாகவும் இருக்கலாம். மாணவர் கடினமென்று தள்ளிய அடிகள் அப்போது செவிவழியே பொருள் விளங்கும். அதன்பின் ‘வாசித்தவர் யார்?’ என்னும் வினா அவர்களிடமிருந்தே எழும். அவ்வினாவுக்கு விடை தேடித் தருவது திறனாய்வாளரின் கடன்.