குழியானையின் வாசலில் அரைமணி நேரம்

பழைய வீட்டுத் திண்ணையோரம், சாரல் எட்டாத இறவாரத்து மண், கோயில் மண்டபத்து மூலை. மழையில்லாத நாட்களில் இங்கெல்லாம் புனலை வைத்து அழுத்தி எடுத்ததுபோல் குட்டிக் குட்டிக் குழிகள் தெரியும். அடியில் புதைந்து கிடப்பது குழியானை என்ற பூச்சிப்புழு. சின்ன வயதில் எறும்பைப் பிடித்துப் போட்டு வேடிக்கை பார்த்திருப்போம். எறும்பு மறைந்ததும் அடுத்த எறும்பைத் தேடி ஓடியிருப்போம். இந்த முறை ஓடாமல் உட்காருங்கள்.

முதலில் குழி, பிறகு ஆள்

பக்கத்திலிருந்து ஒரு பிடி புழுதி மணலை அள்ளி மெல்லக் கொட்டுங்கள். கூம்பாகக் குவியும். மேலும் கொட்டினால் கூம்பு பெருக்குமே தவிர, செங்குத்தாகாது; ஓர் அளவுக்கு மேல் மணல் உருண்டுவிடும். அந்தக் கூம்பைக் கவிழ்த்தால் குழியானையின் குழி. அதன் சுவர், சரிவதற்குச் சற்று முந்தைய நிலையில் நிற்கிறது. எறும்பின் ஒரு காலடி போதும். இங்கே பொறியும் மணல்தான், ஆயுதமும் மணல்தான்.

ஒரே ஒரு குழியை விரலால் தடவி மூடிவிட்டு, மறுநாள் வந்து பாருங்கள். பெரும்பாலும் புதுக்குழி இருக்கும். வெட்டும்போதே பார்க்க வாய்த்தால் அதிர்ஷ்டம்தான். பின்னோக்கியே நகர்ந்து, வெளிவட்டத்திலிருந்து சுருள்சுருளாக உள்ளே வரும். தலையையே மண்வெட்டியாக்கி மணலை வெளியே வீசும். பருமணல் வெளியே போய்விட, சுவரில் நைசு மணல் தங்கும். வழுக்குவதற்கு அதுதானே வசதி!

எறும்பைத் தள்ளாதீர்கள்

தானாக வரும் எறும்புக்குக் காத்திருப்பதில்தான் சுவாரசியம். விளிம்பில் கால் இடறும், சமாளித்து ஏறும். உடனே அடியிலிருந்து மணல் தெறிக்கும். எறும்பின் மேல் விழும் மணல் பாதி வேலையைச் செய்யும். அடிமணல் குறைவதால் மேல்சுவர் சரிந்திறங்குவது மீதி வேலை. எறும்பு தப்பித்தும் போகலாம். அதையும் முழுசாகப் பாருங்கள். குழியானைக்கு அன்று பட்டினி. அதற்குப் பட்டினி பழக்கம்தான், பல வாரம் தாங்கும்.

சிக்கிவிட்டால் அரிவாள்போல் வளைந்த இரண்டு தாடைகள் கவ்வும். தாடைக்குள் ஓடும் நுண்குழல் வழியே சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே எறியும். குழியைச் சுற்றி எறும்புகளின் வெற்றுக்கூடுகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். நேற்றைய சாப்பாட்டுக் கணக்கு அது.

கரண்டியில் ஓர் அள்ளல்

குழியின் அடியோடு அள்ளி வெள்ளைத்தாளில் பரப்புங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது, செத்ததுபோல் கிடக்கும். மூச்சுக்காற்று படாமல் காத்திருந்தால், ஒரு மண்கட்டி பின்பக்கமாக நடக்கும். வயிறு பருத்து, மயிர் அடர்ந்த அந்த உருவத்துக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. அதன் நடுக்குடல் முட்டுச்சந்து. தின்றதன் திடக்கழிவு உள்ளேயே தங்கி, சிறகு முளைத்த பிறகுதான் வெளியேறும். அதற்கு ஓராண்டோ இரண்டாண்டோகூட ஆகலாம். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கடைசிக் காட்சி விளக்கடியில்

வளர்ந்த குழியானை, பின்புறத்திலிருந்து வரும் பட்டிழையால் மணலைக் கோத்து உருண்டையாகக் கூடு கட்டி, அதற்குள் உருமாறும். வெளியே வருவது மெல்லிய நான்கு சிறகுகள் கொண்ட இரவுப்பூச்சி. விளக்கைத் தேடி வீட்டுக்குள்ளும் வரும். தட்டான் என்று நினைத்து விரட்டியிருப்போம். அடுத்த முறை தலையைப் பாருங்கள். தட்டானின் உணர்கொம்பு கண்ணுக்கே தெரியாத மயிரிழை. இதற்கோ நுனி தடித்த நீளக் கொம்பு. உட்காரும்போது சிறகைக் கூரைபோல் உடம்பின் மேல் சாய்த்துக்கொள்ளும். அப்படி ஒன்று சுவரில் உட்கார்ந்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். திண்ணையோரத்துக் குழியில் பின்னோக்கி நடந்தது அதுவாகவும் இருக்கலாம்.