புறத்தே நின்ற தொண்டர்

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிற் பாடிய திருநாளைப்போவார் புராணத்திலே, நந்தனாரை எதிர்நின்று தடுப்பவர் எவருமிலர். வேதியப் பண்ணையாரும் அவர்தம் கொடுமையும் 19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையிற் புனைந்து சேர்த்தவை. அவற்றையே மூலக்கதையென மயங்குவார் பலர்.

பகைவனில்லாமையே புராணத்தின் அவலத்தை மிகுவிக்கின்றது. ஆதனூர்ச் சேரியிற் பிறந்த தொண்டர் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளிக்கின்றார். அவர் கைப்பொருள் கருவறைவரை செல்கின்றது. அவரோ வாயிலுக்குப் புறத்தே நிற்கின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியது, எல்லை விலகவில்லை. தில்லையிலோ தடை அவர் நெஞ்சிலேயே குடிபுகுந்துவிடுகின்றது. ஊரெல்லையை இரவும் பகலும் வலம்வந்து, தம் பிறப்பே தடையென வருந்தித் துயில்கின்றார். விலக்கப்பட்டோன் அவ்விலக்கினைத் தானே காவல்செய்யும் நிலை இதுவன்றோ!

ஈற்றில், இறைவன் பணித்தவாறு அந்தணர் தென்மதிற்புறத்தே தீயமைக்க, அதனுட் புகுந்த நந்தனார் பூணூலும் சடைமுடியும் உடைய முனிவராய் எழுகின்றார். இதனை அன்பின் வெற்றியென உரைப்பார் உளர். கோயிலுட் புகுந்தவர் ஆதனூர் நந்தனாரா, வேறொருவரா என்னும் வினாவுக்கு அவ்வுரை விடைகூறவில்லை. புகுந்தவரைப் பின்னர்க் கண்டாருமிலர்.