கொத்தனார் டியூப்பும் குட்டி சென்சாரும்

இன்ஜின் டியூனிங்கில் இதைவிட ருசியான வேலை ஒன்று இருந்தால் யாராவது சொல்லுங்கள், நாளைக்கே கிளம்பி வருகிறேன். இன்டேக் பிரஷர் அளப்பதைத்தான் சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் என் பழைய கார்பரேட்டர் புல்லட்டுக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டியிருக்கிறேன். மூளையாக ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுவது. பிரஷர் பார்க்க எம்.பி.எக்ஸ். 4250 சென்சார். கட்டைவிரல் அளவுகூட இருக்காது. இன்டேக்கில் காற்று எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்று இது சொல்ல, அதற்கேற்ப இன்ஜெக்டர் பெட்ரோல் விடுகிறது.

சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த விதம்தான் அபாரம்! கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப்பை வாங்கி, அடிமுனையை வாளித் தண்ணீரில் விட்டு, மேல்முனையை மாடியிலிருந்து உறிஞ்சித் தண்ணீரை 3 மீட்டர் ஏற்றி, அப்படியே சென்சாரில் மாட்டினோம். மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 29 கிலோபாஸ்கல் இழுப்பு. இந்தச் சென்சார் ஒரு கிலோபாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் நகரும். மீட்டரில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இறங்க வேண்டும், இறங்கியது! கூட நின்ற மெக்கானிக் அண்ணன், "லேப்ல எதுக்குப்பா லட்சக்கணக்குல செலவழிக்கிறானுங்க?" என்றார்.

உண்மையான விளையாட்டு சென்சாரில் இல்லை, அதற்குப் போகும் குழாயில் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். இழுக்கும்போது பிரஷர் சட்டென்று விழும், மறுகணம் வெளிக்காற்று அளவுக்கு ஏறிவிடும். ஐடிலிங்கில் எண்கள் சாமி வந்த மாதிரி ஆடும். பழைய கார்பரேட்டரின் பைலட் ஜெட்டைக் குழாய்க்குள் சொருகினோம். ஆட்டம் நின்றது, ஆனால் த்ராட்டிலைத் திருகினால் செய்தி தாமதமாகப் போய் வண்டி இருமியது. ஜெட்டைப் பிடுங்கிவிட்டு, குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பெட்ரோல் தேங்காதபடி சென்சாரை மேலே வைத்து, சாஃப்ட்வேரில் 'சைக்கிள் மினிமம்' தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு சைக்கிளிலும் அதிகபட்சம் இறங்கிய பிரஷரை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை அது. ஐடிலிங் அவ்வளவு சுத்தமாக இறங்கி நின்றதைக் கேட்டிருக்க வேண்டும்!

வெளிநாட்டில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்கும் இதே பைத்தியம் உண்டு. மாஸ்டா 13பி ரோட்டரி இன்ஜினை விமானத்தில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொன்றும் 654 சிசி கணக்கில் இரண்டு ரோட்டர். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு இழுப்பு. நம் புல்லட் ஒருமுறை இழுப்பதற்குள் அது நான்குமுறை இழுத்துவிடும். அலை நெருக்கம், ஆகவே ரீடிங் எங்களுடையதைவிடச் சமர்த்து. ஆனால் பத்தாயிரம் அடியில் வெளிக்காற்றே 70 கிலோபாஸ்கலுக்குக் கீழே போய்விடும். அங்கே கணக்குத் தப்பினால் ஓரங்கட்டி நிறுத்த ரோடு கிடையாது. நம் நாட்டிலும் 2009-இல் 55 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு வாங்கெல் ரோட்டரி இன்ஜினுடன் நிஷாந்த் ஆளில்லா விமானம் கோலாரில் பறந்தது. அந்த டியூனிங் மேஜையருகே ஒரு ஸ்டூல் கிடைத்தால் சம்பளமே வேண்டாம் எனக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடுதான் எங்கள் டெஸ்ட் டிராக். பின்னால் உட்கார்ந்த தம்பி மடியில் லேப்டாப். பஸ்ஸை ஓவர்டேக் செய்யத் திருகியதும் எண் நூறை நோக்கிப் பாய்ந்தது, வண்டியும் கூடவே பாய்ந்தது. இடையில் ஒரு மூச்சுத் தாமதம் இல்லை. ஆண்டாள் கோயில் பக்கம் பால்கோவா வாங்க நிறுத்தினாலும் தம்பி கிராஃபை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அடுத்தது கொடைக்கானல். நூறு மீட்டர் ஏறினால் வெளிக்காற்று ஒரு கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல் குறையும். மேலே போய்ச் சேரும்போது 80-க்குக் கீழே இருக்கும். வெளிக்காற்றுக்கென்றே இரண்டாவது சென்சார் ஆர்டர் போட்டாயிற்று. மட்டக்குழாய் வீட்டில் தயாராகச் சுருட்டிக் கிடக்கிறது.